பில்டு சர்வர் நகரவே மாட்டேன் என்கிறதா? கேஷ் அமைத்துப் பார்க்கலாம்

ஒரு பேக்கேஜில் ஒரே ஒரு வரியை மாற்றிவிட்டு பில்டு சர்வருக்கு அனுப்புகிறீர்கள். அது என்ன செய்யும்? வெறும் தரையிலிருந்து தொடங்கும். அடிப்படை சிஸ்டத்தை விரிக்கும், கம்பைலரை இறக்கி நிறுவும், சார்ந்த லைப்ரரிகளை எல்லாம் வரிசையாக நிறுவும், சோர்ஸைப் பிரிக்கும், நேற்று கம்பைல் செய்த அதே ஆயிரம் கோப்புகளை இன்றும் முதலிலிருந்து கம்பைல் செய்யும், கடைசியில் பேக்கேஜை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டு மிச்சம் அத்தனையையும் அழித்துவிடும். நாளைக்கும் இதே கூத்துதான்.

இது யாரோ யோசிக்காமல் செய்த ஏற்பாடு இல்லை. டெபியனின் எஸ்பில்டு, ஃபெடோராவின் மாக் போன்ற பில்டு கருவிகள் ஒவ்வொரு தடவையும் புதிய சிஎச்ரூட்டில் (சர்வரின் சிஸ்டத்திலிருந்து பிரித்து, தனி சிஸ்டம் போல அமைத்த அடைவில்) பில்டு செய்வது, பழைய பில்டின் எச்சம் எதுவும் புதியதில் ஒட்டிக்கொள்ளக் கூடாது என்பதற்காகத்தான். அந்தச் சுத்தத்தைக் கெடுக்காமல், திரும்பத் திரும்பச் செய்யும் வேலையை மட்டும் எப்படித் தவிர்ப்பது என்பதுதான் நமக்கு வேண்டியது. எனவே நாம் அமைக்கப்போகும் கேஷ்கள், அதாவது ஒரு தடவை செய்ததைச் சேமித்து மறுபடி எடுத்துக் கொடுக்கும் கிடங்குகள், எல்லாம் சிஎச்ரூட்டுக்கு வெளியே, சர்வரின் சொந்த டிஸ்க்கில் இருக்கும். இதை இப்போதே மனதில் வைத்துக்கொள்ளுங்கள், புதிதாக வருபவர்கள் சறுக்குவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

முதலில் கடிகாரத்தைப் பாருங்கள்

கம்பைல் முடிவுகளைச் சேமித்து வைக்கும் சிகேஷ் என்ற கருவியை நிறுவத்தான் எல்லோருக்கும் கை துறுதுறுக்கும். கொஞ்சம் பொறுங்கள். நேரம் எங்கே போகிறது என்று தெரியாமல் எந்தக் கேஷைப் போடுவது? மோர்யூட்டில்ஸ் தொகுப்பில் டிஎஸ் என்று ஒரு சின்னக் கருவி இருக்கிறது, பில்டின் வெளியீட்டைக் குழாய் வழியாக அதற்குள் அனுப்பினால் ஒவ்வொரு வரிக்கு முன்னாலும் நேரத்தை ஒட்டித் தரும். எம்பெடட் சாதனங்களுக்கான லினக்ஸைக் கட்டும் யாக்டோவைப் பயன்படுத்துபவர்கள் பில்டுஸ்டாட்ஸ் வசதியைத் திறந்தால் ஒவ்வொரு டாஸ்க்குக்கும் எவ்வளவு நேரம் ஆனது என்று தனித்தனியாகவே கிடைக்கும்.

ஒரு பில்டு 60 நிமிடம் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். இறக்குவதற்கு 5, சிஎச்ரூட்டைத் தயார் செய்து சார்புகளை நிறுவ 12, கான்ஃபிகர் 5, கம்பைல் 25, டெஸ்ட்கள் 8, பேக்கேஜாகக் கட்ட 5. இதில் சிகேஷ் தொடுவது அந்த 25ஐ மட்டும். அது 3 ஆகக் குறைந்தாலும் மொத்தம் 38 நிமிடம், "கேஷ் போட்டும் பாதிகூடக் குறையவில்லையே" என்று நொந்துகொள்வீர்கள். நிறுவும் 12ஐ 2 ஆக்கி, இறக்கும் 5ஐ 1 ஆக்கினால் 24க்கு வந்துவிடும், அதுவும் கம்பைலர் பக்கமே போகாத எளிய வேலைகளால். உங்கள் கணக்கு வேறாக இருக்கும். ஆனால் கணக்கு கையில் இருக்க வேண்டும்.

இறக்கும் கோப்புகளுக்கு ஒரு கிடங்கு

இது எளிது, அதிகம் பேச ஒன்றும் இல்லை. டெபியன், உபுண்டு குடும்பத்தில் ஆப்ட்-கேஷர்-என்ஜி என்ற ப்ராக்ஸியை பில்டு சர்வரிலோ அதே நெட்வொர்க்கில் இருக்கும் வேறொரு கணினியிலோ நிறுவுங்கள். அது 3142 என்ற போர்ட்டில் கேட்டுக்கொண்டிருக்கும். சிஎச்ரூட்டுக்குள் இருக்கும் ஆப்ட்டுக்கு இதுதான் ப்ராக்ஸி என்று ஒரு வரி எழுதிவிட்டால், ஒரு தடவை இறங்கிய பேக்கேஜ் மறுபடி இணையத்துக்குப் போகாது. மிரர் முகவரி எச்டிடிபிஎஸ் என்று இருந்தால் ப்ராக்ஸியால் உள்ளே எட்டிப் பார்க்க முடியாது, எதையும் சேமிக்கவும் முடியாது. எனவே கேஷருக்குப் போகும் முகவரியை வெறும் எச்டிடிபி என்று வையுங்கள். பாதுகாப்பு போய்விடுமே என்று பதற வேண்டாம், ஆப்ட் கையொப்பத்தைச் சரிபார்த்துத்தான் பேக்கேஜை ஏற்கும்.

யாக்டோவிலும் அதே வகைக் கருவியான பில்ட்ரூட்டிலும் சோர்ஸ் கோப்புகள் இறங்கும் அடைவை நீங்களே குறிப்பிடலாம். அதை பில்டு அடைவுக்கு வெளியே வைத்து, எல்லா பில்டுகளுக்கும் பொதுவாகக் கொடுத்துவிடுங்கள்.

சிஎச்ரூட்டைத் தயாராக வைப்பது

மாக் பயன்படுத்தினால் பாதி வேலை ஏற்கனவே முடிந்திருக்கும். அதில் ரூட் கேஷ் என்று ஒரு ப்ளகின் இருக்கிறது, முதல் தடவை தயாரித்த அடிப்படை சிஎச்ரூட்டைச் சுருட்டி ஒரு டார் கோப்பாக வைத்துக்கொண்டு அடுத்த தடவை அதையே விரிக்கும். எஸ்பில்டில் இதை நீங்கள் செய்துகொள்ள வேண்டும். எம்எம்டெப்ஸ்ட்ராப் கருவியால் ஒரு டார் கோப்பை உருவாக்கி, அதைப் பயன்படுத்தச் சொன்னால் போதும். உங்கள் பேக்கேஜ்கள் எல்லாவற்றுக்கும் தேவைப்படும் கனமான சார்புகள் இருந்தால் அவற்றையும் இதற்குள்ளேயே நிறுவி வைக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஒரு பேக்கேஜ் தன் சார்புப் பட்டியலில் எதையாவது எழுத மறந்திருந்தால், அது ஏற்கனவே உள்ளே இருப்பதால் பிழை வெளியே தெரியாமலே போய்விடும். சுத்தமான சிஎச்ரூட் வேண்டும் என்று நாம் சொன்னதே இந்த மாதிரிப் பிழைகளைப் பிடிக்கத்தானே.

டார் கோப்பு பழசாகப் பழசாக, ஒவ்வொரு பில்டின் தொடக்கத்திலும் நூறு பேக்கேஜ்களை அப்டேட் செய்ய வேண்டி வரும், சேமித்த நேரம் அதில் போய்விடும். வாரம் ஒரு தடவை, அல்லது தினமும் இரவில், புதிதாக உருவாக்க ஒரு க்ரான் வேலை (குறித்த நேரத்தில் தானாக ஓடுவது) போட்டுவிடுங்கள்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். டெபியனில் பேக்கேஜ்களை நிறுவும் டிபிகேஜி ஒவ்வொரு கோப்பையும் எழுதியபின் அது உண்மையிலேயே டிஸ்க்குக்குப் போய்ச் சேர்ந்ததா என்று எஃப்சிங்க் போட்டுக் காத்திருக்கும். உங்கள் மடிக்கணினியில் அது நல்ல குணம். அரை மணி நேரத்தில் அழியப்போகும் சிஎச்ரூட்டில் அதற்கு என்ன அவசியம்? ஈட்மைடேட்டா என்ற கருவி அந்த எஃப்சிங்க் அழைப்புகளைச் சத்தமில்லாமல் விழுங்கிவிடும். பெயரைப் பார்த்தால் பயமாகத்தான் இருக்கும், அதனால் சிஎச்ரூட்டுக்குள் மட்டும் பயன்படுத்துங்கள், சர்வரில் வேறெங்கும் வேண்டாம். நினைவகம் தாராளமாக இருந்தால் சிஎச்ரூட்டையே நினைவகத்தில் இருக்கும் கோப்பு அமைப்பான டிஎம்பிஎஃப்எஸ்ஸில் வைத்துவிடலாம், அப்போது டிஸ்க் பேச்சே இல்லை.

இப்போது சிகேஷ்

சாம்பா, ஆர்சிங்க் ஆகியவற்றை உருவாக்கிய ஆண்ட்ரூ டிரிட்ஜெல் 2002 வாக்கில் எழுதத் தொடங்கிய கருவி இது. கம்பைலருக்கு முன்னால் நின்றுகொள்ளும். சோர்ஸ் கோப்பு, அது உள்ளே இழுக்கும் ஹெடர்கள், கம்பைலர் எது, என்னென்ன ஆப்ஷன்கள் என எல்லாவற்றையும் சேர்த்து ஒரு ஹாஷ் (உள்ளடக்கத்தின் கைரேகை போன்ற குறியீடு) கணக்கிடும். அந்த ஹாஷுக்குரிய ஆப்ஜெக்ட் கோப்பு ஏற்கனவே இருந்தால் எடுத்துக் கொடுத்துவிடும், இல்லையென்றால் உண்மையான கம்பைலரைக் கூப்பிட்டு, வந்ததைச் சேமித்து வைக்கும். சி, சி பிளஸ் பிளஸ் போன்றவற்றுக்கு மட்டும்தான். லிங்க் செய்வதை அது தொடாது.

அமைக்கும் வரிசை இப்படி. சர்வரில் கேஷுக்கென்று ஓர் அடைவு உருவாக்குங்கள். அதை சிஎச்ரூட்டுக்குள் பைண்ட் மவுண்ட் செய்யுங்கள், அதாவது அதே அடைவு உள்ளேயும் தெரியும்படி இணையுங்கள், எஸ்பில்டு, மாக், பிபில்டர், டாக்கர் எல்லாவற்றிலும் இதற்கு வழி இருக்கிறது. மாக்குக்கும் பிபில்டருக்கும் சிகேஷுக்கென்றே தனி அமைப்பு உண்டு, அதைத் திறந்தாலே போதும். பிறகு சிஎச்ரூட்டுக்குள் சிகேஷ் பேக்கேஜை நிறுவி, ஜிசிசி என்ற பெயரில் சிகேஷைச் சுட்டும் இணைப்புகள் இருக்கும் அடைவை பாத் மாறியின் முதலில் வையுங்கள். டெபியனில் அது யுஎஸ்ஆருக்குள் லிப், அதற்குள் சிகேஷ். ஃபெடோராவில் லிப் இருக்கும் இடத்தில் லிப்64.

அடுத்ததுதான் முக்கியம். கேஷ் அடைவு எது என்று சூழல் மாறி வழியாகக் கட்டாயம் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் சிகேஷ் ஹோம் அடைவுக்குள் தேடும். எஸ்பில்டோ ஹோமை வேண்டுமென்றே இல்லாத ஓர் இடத்துக்குத் திருப்பிவிட்டிருக்கும். டெபியன் பேக்கேஜ்களைக் கட்ட உதவும் டெப்ஹெல்பரின் 13ஆம் நிலையில் இருக்கும் பேக்கேஜ்களில் ஹோம் என்பது பில்டு அடைவுக்குள்ளேயே இருக்கும் தற்காலிக இடம், பில்டோடு அதுவும் அழியும். போதாததற்கு, நீங்கள் வெளியே ஷெல்லில் அமைத்த மாறிகளை எஸ்பில்டு உள்ளே அனுப்பாமல் வடிகட்டிவிடும், அதன் கான்ஃபிகரேஷன் கோப்பில் பில்டு என்விரான்மென்ட் என்ற பகுதியில்தான் எழுத வேண்டும். நான் இந்த மூன்றிலும் வரிசையாக விழுந்து எழுந்தவன். கேஷ் அடைவு காலியாகவே இருக்கும், பிழைச் செய்தியும் கண்ணில் படாது, பில்டு மட்டும் பழைய வேகத்திலேயே ஓடிக்கொண்டிருக்கும்.

அளவு. சிகேஷின் இயல்பான உச்சவரம்பு 5 ஜிபி. ஒரு சின்ன ப்ராஜெக்டுக்கு அது தாராளம், ஒரு டிஸ்ட்ரோவின் பேக்கேஜ்களை வரிசையாகப் பில்டு செய்யும் சர்வருக்குக் காணவே காணாது. கடைசிப் பேக்கேஜ் முடிவதற்குள் முதல் பேக்கேஜின் கோப்புகள் வெளியே தள்ளப்பட்டிருக்கும், அடுத்த சுற்றில் எதுவுமே கிடைக்காது, கேஷுக்கு எழுதிய நேரம்தான் மிச்சம். சிகேஷ் கட்டளையோடு பெரிய எம் ஆப்ஷன் கொடுத்து வரம்பை உயர்த்துங்கள். 50 ஜிபியில் தொடங்கிப் பாருங்கள், நிரம்பி வழிந்தால் கூட்டிக்கொள்ளலாம். 4.0 பதிப்பிலிருந்து இசட்எஸ்டிடி முறையில் தானாகவே சுருக்கித்தான் வைக்கும், அதனால் தனியாகச் சுருக்க வேண்டியதில்லை.

சரி, வேலை செய்கிறதா? சின்ன இசட் ஆப்ஷனால் கணக்கைப் பூஜ்யமாக்குங்கள். ஒரு பேக்கேஜை ஒரு தடவை பில்டு செய்யுங்கள், இது வழக்கத்தைவிடச் சற்று மெதுவாகத்தான் இருக்கும். மறுபடி பூஜ்யமாக்கி, எதையும் மாற்றாமல் இன்னொரு தடவை பில்டு செய்யுங்கள். இப்போது சின்ன எஸ் ஆப்ஷனால் புள்ளிவிவரத்தைப் பாருங்கள். கிட்டத்தட்ட எல்லாமே ஹிட், அதாவது கேஷிலிருந்தே கிடைத்தது, என்று வர வேண்டும். வந்தால் நல்லது, இந்தப் பகுதியைத் தாண்டிப் போங்கள். வராது என்றுதான் நினைக்கிறேன்.

ஏன் மிஸ் ஆகிறது?

உண்மையான வேலை இங்கேதான் இருக்கிறது. நிறுவுவது அரை மணி நேரம், இது இரண்டு நாள் இழுக்கும்.

பெரும்பாலும் குற்றவாளி பாதைதான். எஸ்பில்டு பல அமைப்புகளில் ஒவ்வொரு தடவையும் பேக்கேஜ் பெயருக்குப் பின்னால் ஏதேதோ எழுத்துகளை ஒட்டி ஒரு புதிய அடைவில் பில்டு செய்யும். டிபக் தகவலோடு கம்பைல் செய்யும்போது அந்த அடைவின் பெயர் ஆப்ஜெக்ட் கோப்புக்குள் போகும் என்பதால், சிகேஷ் அதையும் ஹாஷில் சேர்க்கும். அடைவு மாறினால் ஹாஷ் மாறும், எல்லாமே மிஸ். எளிய வழி, பில்டு பாதை இதுதான் என்று எஸ்பில்டில் நிலையாக எழுதிவிடுவது. அது முடியாத இடங்களில் சிகேஷின் ஹாஷ் டிர் அமைப்பை அணைத்துவிட்டு பேஸ் டிர் அமைப்பைப் பயன்படுத்தலாம், அந்த அடைவுக்குக் கீழே இருக்கும் முழுப் பாதைகளை ரிலேட்டிவ் பாதைகளாக மாற்றிவிட்டுத்தான் ஹாஷ் கணக்கிடும். நான் முதல் வழியையே விரும்புவேன், பின்னால் யோசிக்க வேண்டியது குறைவு.

அடுத்தது கம்பைலர். சிகேஷ் இயல்பாக கம்பைலர் கோப்பின் அளவையும் மாற்றப்பட்ட நேரத்தையும் பார்த்துத்தான் அது அதே கம்பைலரா என்று முடிவு செய்யும். பேக்கேஜிலிருந்து நிறுவிய ஜிசிசிக்கு அந்த நேரம் மாறாது, பிரச்சினை இல்லை. ஆனால் கம்பைலரையே நீங்கள் பில்டு செய்கிறீர்கள் என்றால், கோப்பில் ஒரு பைட்கூட மாறாவிட்டாலும் நேரம் ஒவ்வொரு தடவையும் புதிதாக இருக்கும். அப்போது நேரத்துக்குப் பதில் உள்ளடக்கத்தைப் பார்க்கச் சொல்லுங்கள், கம்பைலர் செக் என்ற அமைப்பு அதற்குத்தான்.

மூன்றாவது, சோர்ஸுக்குள்ளேயே தேதியையும் நேரத்தையும் பதிக்கும் மேக்ரோக்கள். இவை இருக்கும் கோப்பை சிகேஷ் சந்தேகத்தோடுதான் பார்க்கும், பார்க்கவும் வேண்டும். ஸ்லாப்பினஸ் என்று ஓர் அமைப்பு உண்டு, அதில் இந்தச் சந்தேகங்களை ஒவ்வொன்றாக அணைக்கலாம். பெயரிலேயே எச்சரிக்கை இருக்கிறது. என்ன செய்கிறோம் என்று தெரியாமல் இணையத்தில் பார்த்த நீண்ட பட்டியலை அப்படியே ஒட்டிவிடாதீர்கள். சோர்ஸ் டேட் எபாக் என்ற சூழல் மாறியை நிலையான மதிப்பில் வைப்பதே நல்லது, ஜிசிசி 7 முதல் அந்த மேக்ரோக்களுக்கு இந்த நேரத்தையே பயன்படுத்தும். லினக்ஸ் கெர்னலுக்கு கேபில்டு டைம்ஸ்டாம்ப் என்று தனி மாறி இருக்கிறது, அதையும் நிலையாக்குங்கள்.

இவை எதுவுமே இல்லை, இருந்தும் மிஸ் என்றால், சிகேஷின் டிபக் முறையைத் திறந்து ஒரே பேக்கேஜை இரண்டு தடவை பில்டு செய்யுங்கள். ஒவ்வொரு ஆப்ஜெக்ட் கோப்புக்கும், ஹாஷுக்குள் என்னென்ன போனது என்று ஓர் உரைக்கோப்பு எழுதி வைக்கும். ஒரே ஆப்ஜெக்டின் இரண்டு உரைக்கோப்புகளையும் டிஃப் செய்து பாருங்கள். எங்கே மாறுகிறது என்பது கண் முன்னால் நிற்கும். யூகிப்பதில் ஒரு நாள் வீணடிப்பதற்கு முன்னால் இதைச் செய்திருக்கலாமே என்று நான் பல தடவை நினைத்திருக்கிறேன்.

எல்லாமே ஹிட், இருந்தும் பில்டு மெதுவா? எல்டிஓ, அதாவது லிங்க் செய்யும்போது நடக்கும் ஆப்டிமைசேஷன், இருக்கிறதா பாருங்கள். ஃபெடோரா 33, உபுண்டு 21.04 பதிப்புகளிலிருந்து எல்டிஓ இயல்பாகவே திறந்திருக்கிறது. எல்டிஓவில் கனமான வேலையில் பெரும்பகுதி லிங்க் செய்யும் நேரத்துக்குத் தள்ளிப்போகும், அங்கே சிகேஷால் ஒன்றும் செய்ய முடியாது. சோதனை பில்டுகளுக்கு மட்டும் எல்டிஓவை அணைத்து வைப்பது ஒரு வழி.

ரஸ்ட் மொழியில் எழுதியவை இருந்தால் மொசில்லாவிலிருந்து வந்த எஸ்சிகேஷைப் பாருங்கள், அதுவும் இன்க்ரிமெண்டல் கம்பைலை அணைத்திருந்தால்தான் பயன்படும். கோ மொழிக்கு 1.10 பதிப்பு முதல் சொந்தக் கேஷே இருக்கிறது, அந்த அடைவை வெளியே எடுத்து மவுண்ட் செய்தால் போதும்.

யாக்டோவில் கதை வேறு

இங்கே கோப்பு அளவில் யோசிக்க வேண்டாம், டாஸ்க் அளவில் யோசியுங்கள். ஒவ்வொரு ரெசிபியின் (ஒரு பேக்கேஜை எப்படிக் கட்டுவது என்று சொல்லும் கோப்பின்) ஒவ்வொரு டாஸ்க்குக்கும், அதன் உள்ளீடுகள் அனைத்திலிருந்தும் ஒரு கையொப்பம் கணக்கிடப்படும், அந்தக் கையொப்பத்தோடு முடிவு எஸ்ஸ்டேட் அடைவில் சேமிக்கப்படும். அதே கையொப்பம் மறுபடி வந்தால் கம்பைல், லிங்க், இன்ஸ்டால் எதுவும் ஓடாது, முடிவை நேராக எடுத்து விரித்துவிடும். எனவே யாக்டோவில் முதலில் செய்ய வேண்டியது எஸ்ஸ்டேட் அடைவை பில்டு அடைவுக்கு வெளியே வைத்து எல்லா பில்டுகளுக்கும் பகிர்வது. சிகேஷ் அதற்கு அப்புறம், அதுவும் தேவைப்பட்டால்தான்.

இதன் கஷ்டம் என்னவென்றால், அடியில் இருக்கும் ஒரு ரெசிபியின் டாஸ்க்குக்குள் இருக்கும் ஒரு கமெண்டை மாற்றினால்கூட, அதைச் சார்ந்த அனைத்தின் கையொப்பமும் மாறி, பாதி டிஸ்ட்ரோ மறுபடி பில்டு ஆகும். 2019இல் வந்த 3.0 பதிப்பில் ஹாஷ் ஈக்விவலன்ஸ் என்ற வசதி சேர்ந்தது. உள்ளீடு மாறியிருந்தாலும் வெளியீடு அப்படியே இருந்தால், "இது பழையதுதான்" என்று குறித்துவைத்து, மேலே இருப்பவற்றை மறுபடி பில்டு செய்யாமல் நிறுத்திவிடும். பல சர்வர்கள் இருந்தால் அவை எல்லாவற்றுக்கும் ஒரே ஹாஷ் சர்வரைக் கொடுங்கள், இல்லாவிட்டால் ஒன்று கற்றுக்கொண்டது மற்றொன்றுக்குத் தெரியாது.

ஏன் மறுபடி பில்டு ஆனது என்று அறிய, யாக்டோவின் டாஸ்க்குகளை ஓட்டும் கருவியான பிட்பேக்கில் பெரிய எஸ் ஆப்ஷனோடு பிரிண்ட்டிஃப் என்று கொடுங்கள். மெட்டாடேட்டா நிலையாக இல்லை என்று பிட்பேக் புலம்பினால், யாரோ ஒரு ரெசிபி மாறியில் தற்போதைய தேதியையோ நேரத்தையோ வைத்திருக்கிறார்கள் என்று பெரும்பாலும் அர்த்தம்.

பல சர்வர்கள், ஒரே கேஷ்

சிகேஷை ரெடிஸ் அல்லது எச்டிடிபி சர்வரோடு இணைக்கலாம். உள்ளூர் டிஸ்க்கில் இல்லாததை அங்கே தேடும், அங்கேயும் இல்லையென்றால் கம்பைல் செய்து இரண்டு இடத்திலும் வைக்கும். என்எஃப்எஸ்ஸில் ஒரே அடைவைப் பகிர்வதும் முடியும், ஆனால் நெட்வொர்க் மெதுவானால் ஒவ்வொரு சின்னக் கோப்புக்கும் காத்திருக்க வேண்டி வரும். பல பயனர்கள் ஒரே அடைவில் எழுதினால் உமாஸ்க்கை 002 என்று வைத்து, அடைவுகளுக்கு செட்ஜிஐடி பிட்டும் கொடுங்கள், இல்லாவிட்டால் ஒருவர் எழுதியதை மற்றவரால் தொட முடியாது.

எழுதும் உரிமையை யாருக்குக் கொடுப்பது என்பதில் கொஞ்சம் கஞ்சத்தனமாகவே இருங்கள். கேஷுக்குள் ஒருவர் கெட்ட ஆப்ஜெக்ட் கோப்பை வைத்துவிட்டால், சோர்ஸை எத்தனை தடவை படித்தாலும் அது தெரியாது, உங்கள் பேக்கேஜுக்குள் சத்தமில்லாமல் போய்ச் சேரும். வெளியாட்கள் அனுப்பும் பேட்ச்களைச் சோதிக்கும் பில்டுகளுக்குப் படிக்கும் உரிமை மட்டும் போதும். நம்பகமான சர்வர்கள் மட்டும் எழுதட்டும். வெளியீட்டுக்கான இறுதி பில்டை நான் கேஷே இல்லாமல்தான் ஓட்டுவேன், இரவில் ஓடட்டும், யாரும் காத்திருக்கப்போவதில்லை.

ஒரு பேக்கேஜ் விநோதமாக நொறுங்கி, கேஷ்தான் காரணமோ என்று சந்தேகம் வந்தால், கேஷ் முழுவதையும் அழித்துவிடாதீர்கள். சிகேஷுக்கு ரீகேஷ் என்று ஒரு சூழல் மாறி இருக்கிறது, அதைத் திறந்து அந்தப் பேக்கேஜை மட்டும் பில்டு செய்தால், பழைய முடிவுகளைப் பார்க்காமல் புதிதாகக் கம்பைல் செய்து பழையதன் மேல் எழுதிவிடும். நொறுங்குவது அப்போதும் நிற்கவில்லையென்றால் பிழை சோர்ஸில்தான் இருக்கிறது, தேடலை அங்கே தொடங்குங்கள்.

எஸ்ஸ்டேட் அடைவு மட்டும் தானாகச் சுருங்காது, சிகேஷ் மாதிரி அதற்கு உச்சவரம்பு இல்லை. அதைத் தனிப் பார்ட்டிஷனில் வையுங்கள், பல வாரங்களாக யாரும் தொடாத கோப்புகளை அழிக்க ஒரு க்ரான் வேலையும் போட்டுவிடுங்கள். கோப்பு கடைசியாகப் படிக்கப்பட்ட நேரத்தை வைத்துத்தான் அழிப்பீர்கள் என்றால், அந்தப் பார்ட்டிஷன் நோஏடைம் ஆப்ஷனோடு மவுண்ட் ஆகியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஆகியிருந்தால் அந்த நேரமே பதிவாகாது, நேற்று பயன்படுத்திய கோப்பும் அழிந்துபோகும்.